தெருக்களைப் படித்த பேராசிரியர்

நுழையும்முன்

சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் நெடுஞ்சாலையில் புதுச்சத்திரம் என்னும் ஊர் உள்ளது. நான்குவழிச் சாலையில் விரையும் ஊர்திகளுக்கு அது ஒரு பெயர்ப்பலகை மட்டுமே. ஆயினும், வழிநடையாகச் சென்றவர்களுக்குச் சோறும் நீரும் தங்கிடமும் தந்த அறத்தின் நினைவு அப்பெயருக்குள் தங்கியிருக்கிறது. ஊர்கள் நகரங்களாகும்போது இத்தகைய நினைவுகளையும் குளங்களையும் மரங்களையும் விழாக்களையும் இழந்துதான் ஆக வேண்டுமா? நூறாண்டுகளுக்கு முன்னரே தமிழகத்தின் சந்துகளில் நடந்து இவ்வினாவை எழுப்பிய அறிஞர் ஒருவரின் வாழ்க்கையை இப்பாடம் கூறுகிறது.

தோட்டத்தில் தொடங்கிய கல்வி

ஸ்காட்லாந்து நாட்டின் பாலட்டர் என்னும் சிற்றூரில் 1854ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாள் பேட்ரிக் கெடிஸ் பிறந்தார். தந்தை அலெக்சாண்டர் படைப்பணியில் இருந்தவர். பேட்ரிக் சிறு குழந்தையாக இருந்தபோதே குடும்பம் பெர்த் நகரை அடுத்த குன்றின் சரிவில் குடியேறியது. வீட்டைச் சுற்றிலும் தோட்டம். பாத்தி வெட்டவும் செடிகளை இனம் காணவும் மகனுக்குத் தந்தையே கற்பித்தார். குன்றின் மேல் ஏறி நின்றால் டே ஆறும், அதன் கரையில் அமைந்த நகரும், அப்பால் விரியும் வயல்களும் ஒரே பார்வையில் அடங்கும். ஓர் ஊரை அதன் மலையோடும் ஆற்றோடும் சேர்த்தே காணும் பழக்கம் அச்சிறுவனிடம் அங்கேதான் படிந்தது.

உயிர்களைப் பற்றி அறியும் வேட்கையுடன் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்த கெடிஸ், ஒரு வாரத்திலேயே வெளியேறினார். உலர்ந்த செடிகளின் பெயர்களை மனப்பாடம் செய்யும் தாவரவியல் அவருக்கு உவப்பாக இல்லை. இலண்டன் சென்று, டார்வினின் கொள்கையைப் பரப்பிய தாமஸ் ஹக்ஸ்லியிடம் பயின்றார். இறுதிவரை அவர் எந்தப் பட்டமும் பெறவில்லை. பட்டம் பெறாத ஒருவர் பின்னாளில் இரு பல்கலைக்கழகங்களில் பேராசிரியராக விளங்கினார் என்பது வியப்பிற்குரியது.

1879இல் ஆய்வுக்காக மெக்சிகோ நாட்டிற்குச் சென்றபோது அவருடைய கண்பார்வை திடீரென மங்கியது. கண்களைக் கட்டி, இருட்டறையில் வாரக்கணக்கில் இருக்கச் செய்தனர். நுண்ணோக்கியே வாழ்க்கை என்றிருந்த இளைஞருக்கு அது பேரிடி. அவ்வறையில் தடவித் தடவி நடந்த அவர், சன்னலின் கண்ணாடிச் சட்டங்களை விரல்களால் தொட்டு உணர்ந்தார். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கருத்தை மனத்தால் வைத்து, அடுத்த கட்டத்தோடு அதற்குள்ள உறவை எண்ணத் தொடங்கினார். பார்வை மீண்டது. எனினும் நுண்ணோக்கியில் நெடுநேரம் பணியாற்றும் வலிமை கண்களுக்கு மீளவில்லை. உயிரணுக்களை ஆராய எண்ணியவர், மனிதர்கள் கூடி வாழும் நகரங்களை ஆராயும் வழியில் திரும்பினார். உயிரியலை அவர் கைவிட்டார் என்று சொல்வது பொருந்தாது. உயிருக்கும் சூழலுக்கும் உள்ள உறவைப் பற்றி ஹக்ஸ்லியிடம் கற்றதைத்தான் அவர் தெருக்களுக்குக் கொண்டுசென்றார்.

சேரியில் ஒரு வீடு

1886இல் கெடிஸ், அன்னா மார்ட்டன் என்னும் இசையறிந்த பெண்மணியை மணந்தார். எடின்பரோவின் பழைய நகர்ப்பகுதி அக்காலத்தில் நெரிசலும் அழுக்கும் நோயும் மிகுந்து கிடந்தது. வசதி படைத்தோர் யாவரும் புதிய நகர்ப்பகுதிக்குச் சென்றுவிட்டனர். புதுமணத் தம்பதியர் அதற்கு எதிர்த்திசையில் நடந்தனர். பழைய நகரின் ஜேம்ஸ் கோர்ட் என்னும் குடியிருப்பில் ஏழை மக்களின் நடுவே வீடு எடுத்துக் குடியேறினர்.

அங்கே அவர் எந்தத் திட்டத்தையும் அறிவிக்கவில்லை. தம் வீட்டைத் துப்புரவாக்கிச் சுவருக்கு வெள்ளையடித்தார். சன்னலில் பூந்தொட்டிகள் வைத்தார். அண்டை வீட்டாரும் தொடர்ந்தனர். பின்னர் அனைவரும் சேர்ந்து பொது முற்றத்தைச் சீர்செய்தனர். இடிக்கத் தகுந்தது என்று கருதப்பட்ட பழைய கட்டடங்கள் பழுதுபார்க்கப்பட்டு, மாணவர்கள் தாமே நிருவகிக்கும் விடுதிகளாயின. பயனின்றிக் குப்பைமேடாகக் கிடந்த மூலைகளைக் கணக்கெடுத்தபோது, அந்நெரிசலுக்கு இடையிலும் 70க்கும் மேற்பட்ட வெற்றிடங்கள் இருப்பது தெரியவந்தது. அவற்றுள் சில, குழந்தைகளுக்கான தோட்டங்களாயின. மகள் நோரா அப்பணியில் முன்நின்றார்.

1888இல் டண்டீ நகரிலிருந்த பல்கலைக்கழகக் கல்லூரியில் கெடிஸ் தாவரவியல் பேராசிரியரானார். கோடைப் பருவத்தில் மட்டும் கற்பித்தால் போதும் என்பது அப்பதவியின் ஏற்பாடு. ஆண்டின் எஞ்சிய மாதங்களை அவர் நகரங்களுக்குக் கொடுத்தார்.

1892இல் எடின்பரோ கோட்டைக்கு அருகிலிருந்த பழைய கட்டடம் ஒன்றை வாங்கி, அதை நோக்குக் கோபுரமாக மாற்றினார். உச்சியில் இருட்டறைப் படக்கருவி ஒன்று இருந்தது. வெளியே உள்ள தெருக்களும் மனிதர்களும் வெண்மேசை ஒன்றின்மேல் அசையும் ஓவியமாக விழுவர். காண வருவோர் முதலில் உச்சிக்கு ஏறித் தம் நகரைக் காண வேண்டும். பிறகு ஒவ்வொரு தளமாக இறங்க வேண்டும். நகர், நாடு, ஐரோப்பா என விரிந்து தரைத்தளத்தில் உலகம் வரும். உலகத்தைப் புரிந்துகொள்ளும் வழி சொந்தத் தெருவில் தொடங்குகிறது என்பதை ஒரு கட்டடத்தின் படிக்கட்டே கற்பித்தது.

மலையிலிருந்து கடல் வரை

கெடிஸின் சிந்தனைக்கு மையமாக விளங்கியது ஒரு கோட்டோவியம். மலையுச்சியில் தொடங்கிக் காடு, மேய்ச்சல் நிலம், வயல் ஆகியவற்றின் வழியே கடற்கரை வரை இறங்கும் ஆற்றுப்பள்ளத்தாக்கின் குறுக்குவெட்டு அது. சுரங்கத் தொழிலாளி, மரம் வெட்டுவோர், வேட்டுவர், ஆயர், உழவர், மீனவர் என ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய மாந்தர் அதன் அடியில் வரிசையாக நிற்பர். இடம், தொழில், மக்கள் ஆகிய மூன்றையும் பிரித்துப் பார்க்கலாகாது என்பது அதன் உட்பொருள். பிரெஞ்சு நாட்டு அறிஞர் லெ பிளே வகுத்த முறையை அவர் இவ்வாறு வளர்த்தெடுத்தார்.

தமிழ் மாணவருக்கு இவ்வோவியம் புதிதாகத் தோன்றாது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என நிலத்தைப் பகுத்து, அந்நிலத்தின் தொழிலையும் உணவையும் பறையையும் யாழையும் தெய்வத்தையும் கருப்பொருளாகத் தொகுத்து, வாழ்வின் ஒழுக்கத்தை உரிப்பொருளாக வைத்த தொல்காப்பிய மரபு நம்முடையது. கெடிஸ் தமிழ் கற்றவர் அல்லர். எனினும் நிலமும் தொழிலும் பண்பாடும் ஒன்றோடொன்று பின்னியவை என்னும் உண்மையை, ஈராயிரம் ஆண்டு இடைவெளியில் இருவேறு நிலங்கள் தனித்தனியே கண்டடைந்தன.

சேலம், நாமக்கல் சமவெளிக்கும் அத்தகைய குறுக்குவெட்டு ஒன்றை வரையலாம். திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் தோன்றி, சேலம் நகரின் ஊடே ஓடி, சமவெளி கடந்து காவிரியில் கலக்கிறது. மலையில் காப்பித் தோட்டம்; நகரில் தறி; இராசிபுரம், புதுச்சத்திரம் பக்கம் மரவள்ளியும் கோழிப்பண்ணையும்; நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள்; காவிரிக்கரையில் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும். மலையில் மரம் குறைந்தாலும் நகரின் சாயக்கழிவு ஆற்றில் கலந்தாலும் கீழே உள்ள உழவர் அதை அறிவார். நகரத்தின் எல்லை நகராட்சியின் எல்லையோடு முடிந்துவிடுவதில்லை என்று கெடிஸ் வலியுறுத்தியது இதனால்தான்.

1903இல் டன்ஃபர்ம்லின் என்னும் ஸ்காட்லாந்து நகரின் பூங்காவுக்குத் திட்டம் வகுக்க ஆண்ட்ரூ கார்னகியின் கொடையில் அமைந்த அறக்கட்டளை அவரைக் கேட்டது. அவர் பூங்காவோடு நிற்கவில்லை. ஓடையைத் தூய்மைப்படுத்துவது, பழைய ஆலையைக் காப்பது, அருங்காட்சியகம், கலைக்கூடம், கைத்தொழிற்கூடம் எனப் பண்பாட்டு நிலையங்களை நகர வளர்ச்சியின் முதுகெலும்பாக்கிப் பெருநூலே எழுதிவிட்டார். அறக்கட்டளை அதை ஏற்கவில்லை. கேட்டதைவிடக் கூடுதலாகக் கொடுத்து மறுக்கப்படுவது அவர் வாழ்வில் பலமுறை நிகழ்ந்தது.

கடலில் மூழ்கிய கண்காட்சி

உலக நகரங்களின் வரைபடங்கள், ஓவியங்கள், ஒளிப்படங்கள் ஆகியவற்றைத் திரட்டி கெடிஸ் அமைத்த நகரக் கண்காட்சி இலண்டன், டப்ளின் முதலிய இடங்களில் புகழ் பெற்றது. 1913இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் அதற்குப் பரிசு கிடைத்தது. அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த பென்ட்லண்ட் பிரபு, அக்கண்காட்சியை இந்தியாவுக்குக் கொண்டுவருமாறு அழைத்தார். கெடிஸ் தம் மூத்த மகன் அலாஸ்டருடன் 1914இல் புறப்பட்டார். கண்காட்சிப் பொருள்கள் கிளான் கிராண்ட் என்னும் மற்றொரு கப்பலில் வந்தன. முதல் உலகப்போர் தொடங்கியிருந்த காலம் அது. அக்டோபரில் செருமானியப் போர்க்கப்பல் எம்டன் அக்கப்பலை மூழ்கடித்தது. பல்லாண்டு உழைப்பு அரபிக்கடலின் அடியில் போயிற்று.

தெரிந்து தெளிவோம்

எம்டன் கப்பல் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசியது. எண்ணெய்க் கிடங்குகள் தீப்பற்றி எரிந்தன. அச்சத்தால் மக்கள் பலர் நகரைவிட்டு வெளியேறினர். துணிவும் சூழ்ச்சியும் மிக்கவரை எம்டன் என்று குறிக்கும் வழக்கு தமிழில் இந்நிகழ்ச்சிக்குப் பின் தோன்றியதே.

கெடிஸ் ஊர் திரும்பவில்லை. ஐரோப்பாவிலிருந்த நண்பர்களுக்கு மடல்கள் பறந்தன. போர் நடுவிலும் அவர்கள் புதிய படங்களைத் திரட்டி அனுப்பினர். 1915 தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தில் கண்காட்சி திறக்கப்பட்டது. அதன் பின்னர் மாகாணத்தின் நகரங்கள் பலவற்றைக் காணவும் அவற்றைச் சீரமைக்க அறிக்கை தரவும் அவர் அழைக்கப்பட்டார். மதுரை, தஞ்சாவூர், காஞ்சிபுரம் ஆகியவை அவற்றுள் அடங்கும்.

தஞ்சைக் கோட்டையின் சந்துகள்

அக்கால நகரமைப்பின் போக்கை அறிந்தால்தான் கெடிஸ் தஞ்சையில் செய்ததன் அருமை விளங்கும். காலராவும் பிளேக்கும் நகரங்களை வாட்டிய காலம். நெருக்கமான குடியிருப்புகளே நோய்க்குக் காரணம் என்று முடிவு செய்த பொறியாளர்கள், அலுவலகத்தில் வரைபடத்தை விரித்து வைத்து, அளவுகோலால் நேர்கோடுகள் இழுப்பர். கோடு சென்ற வழியிலுள்ள வீடுகள் இடிக்கப்படும். அகன்ற தெரு கிடைக்கும். வீடிழந்தவர் எங்குச் சென்றனர் என்பதை வரைபடம் காட்டாது. அவர்கள் அடுத்த பகுதியின் ஏழை வீடுகளில் ஒண்டுவர். அங்கு நெரிசல் இரட்டிப்பாகும். நோயும் உடன் செல்லும். பெருந்தொகை செலவிட்டு நெரிசலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்குப் பெயர்த்து வைப்பதற்கு நகர மேம்பாடு என்று பெயர் சூட்டியிருந்தனர்.

தஞ்சைக் கோட்டைக்குள் நெருக்கமான குடியிருப்பு ஒன்றுக்கும் அத்தகைய திட்டம் காத்திருந்தது. சதுரங்கக் கட்டம்போல் அகன்ற தெருக்கள் அதனூடே செல்ல வேண்டும் என்பது நகராட்சியின் எண்ணம். கெடிஸ் வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அச்சந்துகளுக்குள் நடந்தார். ஒரு முறை நடந்து திரும்பிவிடவில்லை. திரும்பத் திரும்பச் சென்றார். எந்த வீடு உறுதியாக உள்ளது, எது பாழடைந்தது, எங்கே வெற்றுமனை கிடக்கிறது, எந்தக் கிணற்றில் பெண்கள் நீர் எடுக்கிறார்கள், எந்த மரத்தடியில் முதியவர் அமர்கிறார்கள், எங்கே சிறுகோயில் உள்ளது என்று ஒவ்வொன்றாகக் குறித்தார். நோயாளியைத் தொட்டுப் பார்க்காமல் மருந்து எழுதும் மருத்துவரை நாம் ஏற்பதில்லை. நகரத்திற்கும் அதுவே முறை என அவர் கருதினார். இதனை நோயறி ஆய்வு என அழைத்தார்.

ஆய்வின் முடிவு எளிமையாக இருந்தது. புதிய தெருக்களே தேவையில்லை. இருக்கும் சந்துகளை ஆங்காங்கே சற்று அகலப்படுத்தினால் போதும். குடியிருக்கத் தகுதியற்ற சில வீடுகளை மட்டும் நீக்கி, அவ்விடத்தையும் வெற்றுமனைகளையும் சேர்த்துச் சிறு சதுக்கங்களாக்கினால், ஒவ்வொரு வீட்டுக்கும் காற்றும் வெளிச்சமும் கிடைத்துவிடும். சதுக்கத்தில் ஒரு மரமும் அதைச் சுற்றித் திண்ணையும் இருந்தால் அது தெருவாரின் கூடமாகிவிடும். கிணறும் கோயிலும் தத்தம் இடத்தில் இருக்கும். நகராட்சித் திட்டத்தின் செலவில் சிறு பங்கே இதற்குப் போதுமானது. வீடிழப்போரும் மிகச் சிலரே. இம்முறைக்குக் காக்கும் அறுவை எனப் பொருள்படும் பெயரை அவர் சூட்டினார். கெட்ட பகுதியை மட்டும் நீக்கி உடலைக் காப்பதே அறுவை மருத்துவம். உடலையே வெட்டிச் சாய்ப்பதற்கு வேறு பெயர் உண்டு.

இம்முறை எளிதானதன்று. அளவுகோலால் ஒரு மணி நேரத்தில் முடியும் வேலைக்கு இங்கே பல நாள் நடக்க வேண்டும். பொறுமையும் மக்களோடு பேசும் விருப்பமும் வேண்டும். கெடிஸுக்கோ மக்களின் மொழி தெரியாது. துணைவர்களின் வாய்வழியாகவே அவர் பேச வேண்டியிருந்தது. அவர் அறிக்கைகள் பல, அலுவலக அடுக்குகளிலேயே தங்கிவிட்டன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

தேரும் குளமும்

தமிழகத்தின் கோயில் நகரங்கள் கெடிஸைப் பெரிதும் கவர்ந்தன. காஞ்சிபுரத்தில் அவர் கண்டது கோயில்களின் சிற்பத்தை மட்டுமன்று. கோயில், அகன்ற வீதி, வீடு, தோட்டம், நீர்நிலை ஆகியவை ஒன்றோடொன்று இயைந்த முழு நகரத் திட்டத்தையே அங்குக் கண்டார். மேலை நாடுகள் தோட்ட நகரம் என்று புதிதாகப் பேசத் தொடங்கியதைத் தமிழர் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர் என்று அவருக்குத் தோன்றியது.

தேரோட்டத்தை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். பெருந்தேர் ஒன்று திரும்ப வேண்டுமானால் தெரு அகலமாக இருந்தாக வேண்டும். பள்ளம் மேடின்றி இருந்தாக வேண்டும். தெருவை யாரும் ஆக்கிரமிக்காமல் இருந்தாக வேண்டும். ஆண்டுக்கொரு முறை தேர் வரும் என்பதனால் ஆண்டுக்கொரு முறை தெரு செப்பனிடப்பட்டது. மதுரையில் சித்திரை, ஆடி, மாசி எனத் திங்கள்களின் பெயரால் வழங்கும் வீதிகள் கோயிலைச் சுற்றிச் சதுரத்துக்குள் சதுரமாக அமைந்திருப்பதும், விழா நாள்காட்டியே நகரின் வரைபடமாக இருப்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கவை. சட்டத்தாலும் தண்டத்தாலும் செய்யக் கடினமான ஒன்றை ஒரு விழா எளிதாகச் செய்துவந்தது. ஆயினும் அத்தேர்வீதிகள் நெடுங்காலம் எல்லாச் சாதியாருக்கும் திறந்திருக்கவில்லை. கோயில் நகரின் அமைப்பை வியந்த கெடிஸ், இக்குறைக்கு அதே அளவு கவனம் தந்தார் என்று கூற இயலாது.

குளங்களைக் காப்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். மலேரியாவைப் பரப்பும் கொசு குளத்தில் பெருகுகிறது; எனவே குளத்தைத் தூர்த்துவிட வேண்டும் என்பது அந்நாளைய நலவாழ்வு அலுவலர் சிலரின் கருத்து. கெடிஸின் உயிரியல் அறிவு இங்கே துணை நின்றது. குளத்தில் மீன்களையும் வாத்துகளையும் வளர்த்தால் அவை கொசுப்புழுக்களை உண்டுவிடும். குளமோ நிலத்தடி நீரைப் பெருக்கும், வெள்ளத்தைத் தாங்கும், வெயிலில் ஊரைக் குளிர்விக்கும். படித்துறையும் தெப்பத் திருவிழாவும் உள்ள குளத்தை மக்கள் தாமாகவே காப்பர். நாமக்கல் மலையடியிலுள்ள கமலாலயக் குளம் போன்ற நீர்நிலைகளைக் காணும்போது அவர் கூறியது புரியும். ஏரிகளின் மேல் பேருந்து நிலையங்களையும் அலுவலகங்களையும் எழுப்பிவிட்டு, மழைக்காலத்தில் முழங்கால் நீரில் நிற்கும் நகரங்களைக் காணும்போது இன்னும் நன்றாகப் புரியும்.

துயரமும் ஒரு தீபாவளியும்

1917ஆம் ஆண்டு கெடிஸின் வாழ்வில் கொடியது. மகன் அலாஸ்டர் சென்னையிலிருந்து திரும்பிப் படையில் சேர்ந்திருந்தார். ஏப்ரலில் பிரான்சு நாட்டுப் போர்முனையில் அவர் உயிர் நீத்தார். செய்தி வந்தபோது அன்னா இந்தியாவில் கடுங்காய்ச்சலால் படுத்திருந்தார். அந்நிலையில் மகனின் மறைவை அவரிடம் கூறக் கெடிஸால் இயலவில்லை. அலாஸ்டர் முன்னர் எழுதிய மடல்களை எடுத்து, அவை புதிதாக வந்தவைபோல் மனைவிக்குப் படித்துக் காட்டினார். சூன் திங்களில் அன்னாவும் காலமானார். மகன் இறந்ததை அறியாமலே அவர் சென்றார்.

அவ்வாண்டின் பிற்பகுதியில் கெடிஸ் இந்தூர் நகருக்குத் திட்டம் வகுத்துக்கொண்டிருந்தார். அங்கே பிளேக் பரவியிருந்தது. அவர் தெருக்களில் வரைபடத்துடன் நடந்தபோது மக்கள் அஞ்சி விலகினர். காரணம் கேட்டார். பிளேக்கைக் கொண்டுவரும் கிழ வெள்ளைக்காரர் இவரே என மக்கள் நம்புவதாகத் துணைவர் தெரிவித்தார். கையில் வரைபடத்துடன் வருபவர் வீட்டை இடிக்கவே வருவார் என்பது அவர்களது பட்டறிவு; அதில் தவறில்லை.

வேறொருவராயின் காவலரைத் துணைக்கு அழைத்திருப்பார். கெடிஸ் அரசவைக்குச் சென்று, ஒரே ஒரு நாளுக்குத் தம்மை நகரின் அரசராக்குமாறு கேட்டார். இசைவு கிடைத்தது. தீபாவளிக்குப் பெரிய ஊர்வலம் ஒன்று நடைபெறும் என அறிவித்தார். ஊர்வலம் வழக்கமான வழியில் செல்லாது. எப்பகுதி மக்கள் தம் வீடுகளையும் தெருவையும் மிகுதியாகத் தூய்மை செய்து செப்பனிட்டிருக்கிறார்களோ அப்பகுதி வழியாகவே செல்லும். குப்பையை அகற்ற வண்டிகள் இலவசமாக வரும். அவ்வளவுதான். தீபாவளிக்கு வீட்டைத் துப்புரவாக்குவது எப்படியும் மக்களின் வழக்கம். அவ்வழக்கத்தோடு தெருவுக்குத் தெரு போட்டியும் சேர்ந்துகொண்டது. வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது. எலிகள் ஆயிரக்கணக்கில் பிடிபட்டன.

ஊர்வலத்தில் விளைச்சலின் வளத்தைக் காட்டும் காட்சிகள் முதலில் வந்தன. அடுத்து நோயின் கோர உருவங்கள், அழுக்கு அரக்கன், பிளேக்கின் பேருருவான எலி. அவற்றின் பின்னே, இதுவரை எந்த ஊர்வலத்திலும் இடம்பெறாதவர்கள் வந்தனர். நகரின் தூய்மைப் பணியாளர்கள் வெள்ளுடையும் மாலையும் அணிந்து, புதுத் துடைப்பங்களுடன் நடந்தனர். அவர்களின் வண்டிகளுக்கு வண்ணம் பூசப்பட்டிருந்தது; காளைகளின் கொம்புகளுக்கும் அவ்வாறே. நகரத் தலைவரும் உயர் அலுவலரும் கெடிஸும் கட்டியிருந்த அதே நிறத் தலைப்பாகை பணியாளர் ஒவ்வொருவரின் தலையிலும் இருந்தது. அவர்களுள் மூத்தவரைக் கெடிஸ் அனைவரும் காண வணங்கினார். தொடர்ந்து திருமகளும், நகரத்தையே தெய்வமாக உருவகித்த ஒரு வடிவமும், வரவிருக்கும் நூலகம், அருங்காட்சியகம் ஆகியவற்றின் மாதிரிகளும் வந்தன. துளசிச் செடிகள் மக்களுக்கு வழங்கப்பட்டன. இறுதியில் அழுக்கு அரக்கனும் எலியும் பூங்காவில் எரியூட்டப்பட்டன. அதன் பின்னர்த் தெருவில் நடந்த கெடிஸைக் கண்டு எவரும் ஓடவில்லை.

தன் வீட்டில் இருவரை இழந்து சில திங்களே ஆன அறுபத்து மூன்று வயது முதியவர் அவ்விழாவை நடத்தினார்.

இந்தூர் அறிக்கை 1918இல் வெளிவந்தது. கழிவுநீரைப் பெருஞ்செலவில் குழாய்களின் வழி ஆற்றில் கொட்டுவதைவிட, கழிவை உரமாக்கித் தோட்டங்களுக்குத் தருவது மேல் என அதில் அவர் வாதிட்டார். வடிகாலுக்காக நகரத்தை வளைக்கலாகாது. நகரத்திற்கேற்ப வடிகால் அமைய வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு.

பின்னாளும் பின்வந்தோரும்

1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல், குடிமையியல் துறைக்குக் கெடிஸ் பேராசிரியரானார். பிற்காலத்தில் இந்தியச் சமூகவியலின் முன்னோடியாகப் போற்றப்பட்ட ஜி. எஸ். குர்யே அவர்தம் துணையால் இங்கிலாந்து சென்று பயின்றவர். அறிவியல் அறிஞர் ஜெகதீச சந்திர போஸின் வாழ்க்கை வரலாற்றை 1920இல் எழுதி வெளியிட்டார். தாகூருடன் நட்புக் கொண்டு மடல்கள் எழுதினார். 1914 முதல் 1924 வரை அவர் இந்திய நகரங்களுக்கு அளித்த அறிக்கைகள் ஏறத்தாழ 50.

பேச்சாளராக அவர் சிறக்கவில்லை. தாடிக்குள்ளேயே முணுமுணுப்பார், ஒரு கருத்தை முடிக்குமுன் பத்துக் கருத்துகளுக்குத் தாவுவார். எழுத்தும் அத்தகையதே. அவருடன் தெருவில் நடந்தவர்கள் மட்டுமே அவரை முழுதும் உணர்ந்தனர். நகரங்களின் வரலாற்றை எழுதிப் புகழ் பெற்ற அமெரிக்க அறிஞர் லூயிஸ் மம்ஃபோர்டு தம்மை அவருடைய மாணவராகவே கருதினார். 1925இல் கெடிஸ் திட்டம் வகுத்த டெல் அவீவ் நகரின் வெண்ணகரப் பகுதி 2003இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

1920இல் சென்னை மாகாண நகரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. கெடிஸின் வருகை உருவாக்கிய விழிப்புணர்வுக்கு அதில் பங்குண்டு. ஆனால் சட்டத்தைக் கையாண்டவர்கள் பெரும்பாலும் அளவுகோலையே நம்பினர். 2015இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 11ஆவது, நகரங்களைப் பற்றியது. பண்பாட்டு மரபையும் இயற்கை மரபையும் காப்பது அதன் துணை இலக்குகளுள் ஒன்று. அதே ஆண்டில் இந்திய அரசு மரபு நகரங்களுக்கெனத் தொடங்கிய திட்டத்தில் இடம்பெற்ற 12 நகரங்களுள் காஞ்சிபுரமும் ஒன்று. அவர் காஞ்சியின் வீதிகளைக் கண்டு வியந்து நூறாண்டு ஆகியிருந்தது.

1924இல் உடல்நலம் குன்றி இந்தியாவை விட்டு நீங்கிய கெடிஸ், தென் பிரான்சின் மான்பெலியே நகரில் மாணவர் இல்லம் ஒன்றை அமைத்து, அதைச் சுற்றித் தோட்டமிட்டு வாழ்ந்தார். 1932இல் பிரித்தானிய அரசு அவருக்குச் சர் பட்டம் வழங்கியது. அவ்வாண்டு ஏப்ரல் 17ஆம் நாள் மறைந்தார். இந்தியா விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டில், அவருடைய இந்திய அறிக்கைகளிலிருந்து தேர்ந்தெடுத்த பகுதிகளை ஜாக்குலின் டிர்விட் என்னும் நகரமைப்பு வல்லுநர் இலண்டனில் நூலாக வெளியிட்டார். போரில் இடிந்த நகரங்களை எவ்வாறு மீளக் கட்டுவது என்று ஐரோப்பா எண்ணிக்கொண்டிருந்த நேரம் அது. தஞ்சைக் கோட்டையின் சந்துகளைப் பற்றிய பக்கங்கள் அந்நூலில் இருந்தன.